இழுத்தால் தடிக்கும் ஒன்று

நான் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், சாய்ந்தமருதில் எங்கள் வளவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் உம்மாவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"இளைய மகள் இப்ப என்ன கா செய்யிறா?"

உம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. விளக்கிச் சொல்லவும் வராது. "இழுக்கிறா" என்பார். கேட்டவர் முகம் வாடிவிடும். தேநீரை வாயில் ஊற்றிக்கொண்டு எழுந்து போய்விடுவார். எனக்கு மூச்சு இழுக்கிற இழுப்பு வருத்தம், அதுதான் இன்னும் கலியாணம் ஆகவில்லை என்று ஊரில் ஒரு கதை பரவியது இப்படித்தான். பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் எனக்காகத் தேனும் கருஞ்சீரகமும் கொடுத்து அனுப்பினார். தேன் நன்றாக இருந்தது.

உண்மையில் நான் இழுத்தது பொருள்களை. பல்கலைக்கழகத்தில் எங்கள் ஆய்வுகூடத்தின் மூலையில் ஓர் இயந்திரம் நின்றது. அதற்கு இரண்டு தாடைகள். கீழ்த் தாடை பொருளைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும், மேல் தாடை மறுமுனையைக் கடித்தபடி மெல்ல உயரும். நடுவில் அகப்பட்ட பொருள் என்ன பாடு படுகிறது என்று நான் அளந்து எழுத வேண்டும். கசக்கிய கடதாசி, பஞ்சு, சிக்குப்பட்ட நைலோன் நூல், சட்டி தேய்க்கும் கம்பித்தும்பு என்று எதையெல்லாமோ இழுத்தேன். ஒழுங்கான பொருள்களில் என் பேராசிரியருக்கு ஆர்வமே இல்லை. வரிசையாய் அடுக்கிய பொருள்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள் என்பார். உள்ளே எந்த வரிசையும் இல்லாமல் கண்டபடி பின்னிக் கிடக்கிற பொருளை இழுத்தால் அது எந்தப் பக்கம் எவ்வளவு நெளியும் என்பதுதான் அவருடைய கவலை. ஆகவே அது என்னுடைய கவலையும் ஆனது.

ஒரு பொருளை நீளத்துக்கு இழுத்தால் அது குறுக்கே மெலியும். ரப்பர் நாடாவை இழுத்துப் பார்த்த எவருக்கும் இது தெரியும். ஆனால் எதிர்மாறாக நடக்கிற பொருள்களும் உண்டு. இழுத்தால் அவை குறுக்கேயும் தடிக்கும், அமுக்கினால் குறுக்கேயும் மெலியும். அவற்றை ஓக்செட்டிக் என்பார்கள். அதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருந்தேனே தவிர, ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. இந்தச் சின்ன விஷயத்தை மறைத்து, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, பெரிய அறிஞர்போலச் சொல்லிவிட்டேன். "இழுத்தாத் தடிக்கிற சாமானும் உலகத்தில இரிக்கி."

மச்சான் சிரித்த சிரிப்பில், சோற்றுக்கு ஊற்றியிருந்த ஆணம் மூக்கில் ஏறிவிட்டது.

மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், கணவர். கல்முனைக்குப் போகும் வீதியில் அவருக்கு ஒரு குஷன் கடை. ஓட்டோ சீற்றிலிருந்து கலியாண வீட்டு செற்றி வரை எல்லாவற்றுக்கும் ஸ்பொஞ்சு வைத்து, றெக்சின் இழுத்து, ஆணி அடித்துக் கொடுப்பார். பெரிய உடம்பு. வேலை செய்யும்போது உதடுகளுக்கிடையில் ஐந்தாறு சின்ன ஆணிகளைப் பிடித்திருப்பார், அப்படியே கதைக்கவும் செய்வார். ஒரு ஸ்பொஞ்சுத் துண்டு நல்லதா கெட்டதா என்று அதில் ஒரு தரம் உட்கார்ந்து எழும்பினாலே சொல்லிவிடுவார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "புள்ள, இருபது வருசமா நான் ஸ்பொஞ்சிலயும் றெக்சின்லயும் கிடந்து உருளுறன். இழுத்தா மெலியும். மெலிஞ்சிதான் ஆகணும். இருபது வருசமா நான் இழுத்துட்டு வாறதில தடிச்சது உன்ட ராத்தா மட்டுந்தான்."

ராத்தா கையிலிருந்த அகப்பை பறந்து வந்தது. அவர் குனிந்துகொண்டார். அவருக்குப் பழக்கம்.

பந்தயம் ஹறாம் என்பதால் நாங்கள் இருவரும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. "சும்மா ஒரு பேச்சு" என்றார் மச்சான். பேச்சு இதுதான். நான் காட்டிவிட்டால், இதுவரை தேநீர்கூட ஊற்றியறியாத மச்சான் தன் கையாலேயே முழு வளவுக்கும் விருந்து சமைக்க வேண்டும். நான் தோற்றால், "இழுத்தால் எல்லாம் மெலியும்" என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே என் பெயரும் பட்டமும் போட்டுக் கையெழுத்து வைத்து, அவர் கடைச் சுவரில் தொங்கவிட வேண்டும். அவர் ஒரு நிபந்தனையும் சேர்த்தார். பல்கலைக்கழகத்துச் சாமான் எதுவும் கூடாது, அவர் கடையில் கிடக்கிற சாமானில்தான் செய்து காட்ட வேண்டும். "கம்பஸ்ல ஏதும் மிசின் வெச்சி ஏமாத்திருவாய்."

முதலில் நான் செய்தது ஒரு குறுக்கு வழி. கடையில் கழித்துப் போட்ட றெக்சின் துண்டு ஒன்றை எடுத்து, தேன்கூடுபோல வரிசையாகக் கட்டங்கள் வெட்டினேன். ஆனால் தேன்கூட்டில்போலப் பக்கங்கள் வெளியே துருத்தாமல், உள்ளே குத்தி, ஒவ்வொரு கட்டமும் இடுப்பு ஒடுங்கி நிற்கும்படி வெட்டினேன். மேலும் கீழும் இழுத்தால் ஒடுங்கிய இடுப்புகள் எல்லாம் ஒன்றாக நிமிரும், துண்டு அகலும். இது புத்தகத்தில் உள்ள வித்தை. அடுத்த நாளே மச்சானுக்கு முன்னால் இழுத்துக் காட்டினேன். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அகன்றது.

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வாயிலிருந்த ஆணிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அது அவர் கடுமையாக யோசிக்கிறார் என்பதற்கு அடையாளம்.

"இதில தடிச்சது றெக்சின் இல்ல புள்ள. உன்ட கத்தரிக்கோல்தான் தடிச்சிருக்கு. வரிசையா வெட்டி அடுக்கினா எதையும் சொன்னபடி ஆட வைக்கலாம். வரிசை கிரிசை ஒண்டுமில்லாமக் கிடக்கிற சாமானை இழுத்துத் தடிக்கவை, அப்ப பாப்பம்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதே விஷயத்தைச் சொல்லி முடிக்க என் பேராசிரியருக்கு மூன்று சந்திப்புகளும் ஒரு வெண்பலகையும் தேவைப்பட்டிருந்தன.

அப்படியானால் மிஞ்சியது ஸ்பொஞ்சு. ஸ்பொஞ்சுக்குள் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் நுரைக் குமிழிகளின் எலும்புக்கூடு தெரியும். மெல்லிய விலா எலும்புகள் போன்ற கம்பிகள் கண்டபடி கூடிக் கூடி நிற்கும். ஒரு கண்ணறை போல இன்னொன்று இருக்காது. அப்படியே இழுத்தால் அது மற்ற எல்லாவற்றையும் போல மெலியும். ஆனால் அதை எல்லாப் பக்கத்தாலும் ஒரே நேரத்தில் அமுக்கிச் சிறிதாக்கினால் அந்தக் கம்பிகள் உள்பக்கமாக மடங்கும். அமுக்கிய நிலையிலேயே, உருகுவதற்குச் சற்று முன்வரை சூடாக்கி, அமுக்கம் குறையாமல் ஆறவிட்டால், மடங்கினது மடங்கினபடியே நின்றுவிடும். பிறகு இழுத்தால் மடிப்புகள் எல்லாப் பக்கமும் விரிய வேண்டும். புத்தகம் அப்படித்தான் சொன்னது.

சூடாக்க, உம்மா கேக் சுடும் மின்சார அவன் அடுப்பு இருந்தது. உம்மா ஒரு மௌத்து வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போயிருந்த முற்பகலில் ஸ்பொஞ்சை ஒரு பால்மாப் பேணிக்குள் அடைத்து உள்ளே வைத்தேன். எவ்வளவு நேரம் என்று சரியாகத் தெரியவில்லை, கொஞ்சம் கூடவே விட்டுவிட்டேன். பேணியின் மூடி தெறித்துக் கரும்புகை கிளம்பியது. அந்தப் புகை நஞ்சு என்று நான் படித்திருந்தேன், படித்ததோடு சரி. ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தி, யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, கிணற்றடியில் நின்று கண்ணைக் கழுவினேன். இரண்டு நாள் கண் எரிந்தது.

உம்மா வாசலில் நுழையும்போதே கேட்டார்: "என்ட அவன்ல ஆர்ட செருப்பு கா வேகுது?"

அவன் அடுப்பைத் தேசிக்காய்ப் புளி விட்டுக் கழுவினோம், வெயிலில் வைத்தோம், மறுபடியும் கழுவினோம். மணம் போய்விட்டது என்று எங்களுக்குத் தோன்றியது. எங்கள் மூக்கு பழகிப்போய்விட்டது என்பதுதான் உண்மை. அந்த வாரம் எனக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு உம்மா அதே அவனில் ரவைக் கேக் சுட்டுப் பெட்டி நிறைய அனுப்பினார். பெட்டியைத் திறந்ததும் மாப்பிள்ளையின் உம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினாராம். பேச்சு அதோடு நின்றது. உம்மா மூன்று நாள் அழுதார். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தேன், ஆனால் உள்ளுக்குள் பெரிய கவலை ஒன்றும் இல்லை. அந்த மாப்பிள்ளை என்னைப் பற்றிக் கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்வி. "கலியாணத்துக்குப் பொறகும் இழுப்பாவா?"

அவன் அடுப்பு எனக்குத் தடை செய்யப்பட்டது. சமைக்கிற குசினியும் ஏறக்குறையத் தடைதான். வழி தெரியாமல் திரிந்தபோது ஒரு பின்னேரம் கல்முனைச் சந்தையடியில் கச்சான், அதாவது நிலக்கடலை, வறுக்கிறவரிடம் ஒரு சுருள் கச்சான் வாங்க நின்றேன். அவர் பெரிய தாச்சிச் சட்டியில் மணலைச் சூடாக்கி, அதற்குள் கச்சானைப் புதைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு கொட்டைகூடக் கருகவில்லை. மணல் சூட்டை எல்லாப் பக்கத்தாலும் சமமாகக் கொடுக்கிறது, நெருப்பு நேரே படுவதில்லை. கச்சானை வாங்காமலே வீட்டுக்கு ஓடிவந்தேன்.

அடுத்த விடுமுறை நாளில் கிணற்றடியில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். ராத்தாவின் பழைய தாச்சி, கடற்கரை மணல், சூடு பார்க்க மட்டும் என்று மச்சானிடம் கேட்டு ஆய்வுகூடத்திலிருந்து இரவல் வாங்கிய வெப்பமானி. ஸ்பொஞ்சை அடைக்க, மச்சானின் கடையில் கிடந்த திரைச்சீலை மாட்டும் தடித்த அலுமினியக் குழாயில் ஒரு துண்டு. ஆனால் ஸ்பொஞ்சை அந்தக் குழாய்க்குள் அடைப்பது நினைத்தது போல இல்லை. தள்ளத் தள்ள ஒரு பக்கம் சுருண்டு மறுபக்கம் மடிந்து, கசக்கிய துணிபோல ஆனது.

மச்சான் ஒரு கதிரையைப் போட்டுத் தள்ளி இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் தோற்றால் அவருக்குத்தான் லாபம். கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு அவரால் முடியவில்லை. ஒரு மனிதர் ஸ்பொஞ்சை இப்படிக் கொடுமை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க அவருடைய தொழில் அவரை விடவில்லை.

"தா இஞ்ச. நீ ஸ்பொஞ்சுக்குப் பின்னுக்கு நிண்டு தள்ளுறாய். அது எப்பிடிப் போகும்?"

ஸ்பொஞ்சின் மேலெல்லாம் முகப்பவுடர் தடவினார். குஷன் ஊசியால் ஒரு முனையைச் சுற்றி நாலு நூல் கோத்தார். நூல்களைக் குழாய் வழியே மறுபக்கம் எடுத்து மெல்ல இழுத்தார். ஸ்பொஞ்சு ஒரு மடிப்பும் விழாமல் வழுக்கி உள்ளே போனது. பிறகு இரண்டு முனையிலும் மரக்கட்டை வைத்து நீளத்தையும் அமுக்கிக் கட்டினார். எல்லாம் ஐந்து நிமிட வேலை.

ராத்தா குசினி வாசலில் நின்று கேட்டா: "இவர் ஆர்ட பக்கம் கா?"

"நான் ஸ்பொஞ்சுட பக்கம்" என்றார் மச்சான்.

முதல் துண்டுக்குச் சூடு போதவில்லை. குழாயிலிருந்து எடுத்ததும் சோம்பல் முறித்துக்கொண்டு பழைய உருவத்துக்கு வந்துவிட்டது. இரண்டாவது பாதி உருகி டொபி ஆனது. மூன்றாவதை மணலிலிருந்து எடுத்து வைத்த நேரம் ராத்தா சாப்பிடக் கூப்பிட்டா. போட்டது போட்டபடி போனோம். அன்றைக்கு இறால் ஆணம். திரும்பி வர நேரம் பிடித்தது. அதற்குள் குழாய் தானாகவே நன்றாக ஆறியிருந்தது. கட்டைகளை எடுத்துத் துண்டை வெளியே தட்டினேன். சுருங்கி, கறுத்து, வெயிலில் காய்ந்த கருவாட்டுத் துண்டு மாதிரி விழுந்தது. ஒட்டியிருந்த மடிப்புகள் விடுபட, பக்கவாட்டில் மெல்ல நெகிழ்த்திவிட்டேன். பிறகு பேனாவால் குறுக்கே இரண்டு புள்ளி வைத்து, இரண்டு கையாலும் பிடித்து நீளத்துக்கு இழுத்தேன்.

புள்ளிகள் விலகின.

விட்டேன். நெருங்கின. இழுத்தேன். விலகின. கையில் ஒரு சின்னப் பிராணி மூச்சு விடுவதுபோல இருந்தது. எத்தனை கட்டுரையில் படித்திருந்தாலும், அந்தத் துண்டு என் விரல்களுக்கிடையில் தடித்தபோது வாய் தானாகவே "அல்லாஹ்!" என்றது. மச்சான் அதைப் பறித்தார். அவர் இழுத்தார். அளவுகோல் வைத்து இழுத்தார். உம்மாவைக் கூப்பிட்டு அவருடைய கண்ணாலும் பார்க்கச் சொன்னார். உம்மா பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா கேக் போனது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

மச்சான் மட்டும் விடவில்லை. "இது சுருங்கிக் கிடந்தது விரியுது. அவ்வளவுதானே?"

"ஓம் மச்சான். அவ்வளவுதான்."

"அப்ப இதில என்ன அதிசயம்?"

"அதிசயம் எண்டு நான் எப்ப சொன்னன்? தடிக்கும் எண்டுதான் சொன்னன்."

அவர் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

விருந்து மட்டும் நடக்கவில்லை. முதலில் கலியாண சீசன் என்றார். பிறகு மழை என்றார். பிறகு, "குடும்பத்துக்குள்ள பாத்தது சாட்சியில சேராது. உன்ட பேராசிரியர் வந்து பாக்கட்டும். அவர் சரி எண்டாச் சமைக்கிறன்" என்றார். அவ்வளவு பெரிய மனிதர் எங்கள் வளவுக்கு வரப்போவதில்லை என்ற துணிச்சல். நானும் ஆய்வுகூட வேலையில் மூழ்கிப்போனேன்.

ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது மச்சானின் கடைக்கு முன்னால் ஒரே சனம். விபத்தாக்கும் என்று பதறி உள்ளே புகுந்தேன். நடுவில் ஓட்டோ ஓட்டுகிற ஒருவர் நெற்றி நரம்பு புடைக்க எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். பார்த்தால் என்னுடைய ஸ்பொஞ்சு. மச்சான் அதை ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்து, இரண்டு பக்கமும் வால் மாதிரிக் கொஞ்சம் வெளியே தெரிய விட்டிருந்தார். வாலைப் பிடித்து வெளியே எடுத்தால் செற்றிக்குக் காசு வாங்காமல் சும்மா கவர் போட்டுத் தருவாராம். வாலைக் கண்டால் மனிதன் இழுக்கத்தான் செய்வான். இழுத்தால் அது உள்ளே தடித்துக் குழாயை இறுக்கிப் பிடிக்கும். இன்னும் பலமாக இழுத்தால் இன்னும் இறுக்கும். அந்த மனிதர் குழாயை முழங்காலுக்கிடையில் வைத்தும் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க மச்சானிடம் திருப்பிக் கொடுத்தார். மச்சான் ஒரு வாலைப் பெருவிரலால் மெல்ல உள்ளே தள்ளினார். அமுக்கம் பட்டதும் ஸ்பொஞ்சு மெலிந்து மறுபக்கத்தால் வழுக்கிக்கொண்டு வெளியே விழுந்தது. சனம் கூவியது.

"மச்சான்! இது ஆராய்ச்சிச் சாமான்!"

"நானும் ஆராய்ச்சிதான் புள்ள செய்யிறன். இண்டைக்கு வரைக்கும் ஒரு மனுசனும் தள்ளிப் பாக்கல்ல. எல்லாரும் இழுக்கிறான்."

அதை நான் வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் எழுதினேன். எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை.

அவருடைய ஆட்டம் ஒரு மாதம்தான் ஓடியது. ஒரு நாள் குழாயை வெயிலில் நின்ற ஓட்டோவின் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு லுஹர் தொழுகைக்குப் போயிருக்கிறார். நல்ல வெயில். திரும்பி வந்தபோது வீட்டுக்குப் புதிதாக ஐந்து கதிரையும் நீள செற்றியும் வாங்கியிருந்த ஒரு ஹாஜியார் கடைக்கு வந்திருந்தார். மச்சான் வழக்கம்போலக் குழாயை நீட்டினார். ஹாஜியார் இரண்டு விரலால் வாலைப் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. மச்சான் வாயிலிருந்த ஆணிகள் கொட்டுண்டன.

ஒரு கிழமை முழுக்க அந்த ஐந்து கதிரைக்கும் செற்றிக்கும் சும்மா கவர் அடித்தார். வீட்டில் என்னோடு கதைக்கவில்லை. நான் துண்டில் ஏதோ செய்துவிட்டேன் என்று சந்தேகம். கடைசியில் துண்டை வாங்கி உருப்பெருக்கியில் பார்த்தேன். சூடு பட்டு மடிப்புகள் தளர்ந்து பாதி நிமிர்ந்திருந்தன. அது முழுதாக இறுகாத துண்டு. நெருப்பில் இன்னும் கொஞ்சம் நின்றிருக்க வேண்டும். இதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது.

"அப்ப பிழை சமையல்ல. ஸ்பொஞ்சில இல்ல."

"ஓம்."

"அடுப்பை மூட்டு."

அதற்குப் பிறகு மணலை அவர்தான் பார்த்தார். சூட்டை எப்போது குறைப்பது, குழாயை எப்போது புரட்டுவது, எவ்வளவு நேரம் ஆறவிடுவது என்பதெல்லாம் அவருக்குக் கைக்கு வந்துவிட்டது. எனக்கு வெப்பமானி வைத்துக்கொண்டும் வராதது அவருக்கு வந்தது. என் ஆய்வேட்டில் உள்ள துண்டுகளில் நல்லவை எல்லாம் அவர் செய்தவை. இதை அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாம். விருந்து முடியட்டும் என்று பொறுத்திருந்தேன்.

பேராசிரியர் வருவார் என்று மச்சான் எதிர்பார்க்கவில்லை. பேராசிரியரோ நான் கேட்டதும் உடனே வருகிறேன் என்றார். தம்பிலுவில் பக்கத்து மனிதர், மெலிந்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கதைப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மச்சான் சொன்ன சொல் தவறவில்லை. விடியலிலிருந்து முற்றத்தில் சட்டி வைத்துச் சமைத்தார். மாட்டிறைச்சி வேண்டாம், பேராசிரியர் சேர் சாப்பிடமாட்டார் என்று கோழி வாங்கினார். ராத்தா கிட்டே போய் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால், "இது என்ட கை" என்று துரத்தினார். அடியில் கருகும் மணம் தெரு வரை போனது.

சாப்பாட்டுக்கு முன், சாட்சி. நான் அளவுகோல், பேனாப் புள்ளி எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தேன். மச்சான் அதையெல்லாம் தாண்டி வந்து பணிவாக ஒரு குழாயை நீட்டினார். "சேர், இதுக்குள்ள ஸ்பொஞ்சு ஒண்டு இறுகிப் போச்சி. கொஞ்சம் எடுத்துத் தாங்களன்."

பேராசிரியருக்கு நல்ல மனது. வாங்கி, வாலைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பலமாக இழுத்தார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, இன்றைக்கும் அதற்காக நான் வருந்தவில்லை.

"ஒரு ஆள் மற்றப் பக்கத்தால இழுத்தா வந்திரும் சேர்" என்றார் மச்சான், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். ராத்தாவைக் கூப்பிட்டார். ராத்தாவுக்கு விஷயம் தெரியும். ஆனாலும் பெரிய அக்கறையோடு மறுவாலைப் பிடித்துக்கொண்டா. இருவரும் இரண்டு பக்கமும் இழுத்தார்கள். பேராசிரியரின் முகம் சிவந்தது. ஒரு காலை முன்னால் ஊன்றினார்.

"தள்ளுங்க சேர்" என்றார் மச்சான்.

"என்ன?"

"இழுக்காதீங்க. தள்ளுங்க."

பேராசிரியர் அப்படியே நின்றார். கையிலிருந்த வாலைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். பிறகு பெருவிரலால் மெல்லத் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு ராத்தாவின் கையில் விழுந்தது. அவர் பாயில் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார்.

"இந்த ஒரு விசயத்தைப் பத்தி இத்தனை வருசமா எழுதிட்டிருக்கன் தம்பி. எனக்கே தள்ளத் தோணல்ல."

அன்று முழுக்க அவர் அந்தக் குழாயைக் கீழே வைக்கவில்லை. ஒரு கையால் சாப்பிட்டார், மறுகையால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சட்டியின் அடி கரி, நடுவில் மட்டும் சோறு நன்றாக இருந்தது. எல்லோரும் நடுவிலேயே சாப்பிட்டோம். மச்சானுக்கு அதிலும் பெருமை. போகும்போது பேராசிரியர் குழாயைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், பீடத்தில் யார் யாருக்கோ காட்ட வேண்டுமாம்.

வாய்மொழிப் பரீட்சை மாதங்கள் கழித்து, வீட்டிலிருந்தே இணையத்தில் நடந்தது. பரீட்சகர் வெளிநாட்டில் இருப்பவர், ஆனால் தமிழர். துண்டுகளைக் கமராவுக்குக் காட்ட ஒரு கை தேவைப்பட்டதால் மச்சானை வாய் திறக்கக்கூடாது என்ற சத்தியத்தோடு பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பரீட்சகர் கேட்டார்: உள்ளே ஒழுங்கில்லாத பொருள் என்றால் ஒவ்வொரு துண்டும் வேறு வேறு மாதிரித்தானே மடங்கும், அப்படியிருக்க எல்லாம் தடிக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நான் சராசரிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். வார்த்தை திக்கியது.

சத்தியம் அந்த இடத்தில் உடைந்தது. "சேர், ரெண்டு துண்டு ஒண்டுபோல ஒரு நாளும் வராது. அமுக்கிறது நாலு பக்கத்தாலயும் சமமா இருந்தாப் போதும். உள்ளுக்கு அது தன்ட இஸ்டத்துக்கு மடங்கட்டும். பொறகு எந்தத் துண்டை இழுத்தாலும் வேலை ஒண்டுதான்."

திரையில் ஒரு தலை கிட்டே வந்தது. "இவர் யார்?" என்று பரீட்சகர் கேட்டார்.

"மச்சான்" என்றேன்.

சிறு திருத்தங்களோடு ஆய்வேடு ஏற்கப்பட்டது. திருத்தங்களில் ஒன்று, செய்முறைப் பகுதியில் நான் "கச்சான் வறுக்கும் தாச்சி" என்று எழுதியிருந்த இடத்தை நீக்கி, முறைப்படி "மணற் குளியல்" என்று ஆங்கிலத்தில் போடச் சொன்னது. வாசித்துக் காட்டியபோது மச்சானுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "குளியலா? ஆர் குளிச்ச? அது ராத்தாட தாச்சி!"

நான் மாற்றினேன். நன்றியுரையில் மட்டும் தாச்சியைத் தாச்சி என்றே ஆங்கில எழுத்தில் விட்டுவைத்தேன். அந்தப் பக்கத்தை யாரும் திருத்துவதில்லை.